நோயாளிக்கு எதற்கு அழகிய வாசல்?

துருக்கி நாட்டின் நடுவிலிருந்து சற்றுக் கிழக்கே, சிவாஸ் மாகாணத்து மலைகளுக்கிடையே திவ்ரிகி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரம், நீண்ட குளிர்காலம், பனி. ஊரை ஒட்டி ஓடும் சால்தி ஆறு யூப்ரடீஸ் பேராற்றின் மேல்நீரோடு போய்க் கலக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் இரும்புத்தாது மிகுதி. 1930களின் இறுதியில் அங்கே சுரங்கம் தொடங்கினார்கள். வெட்டிய தாது இரயிலேறிக் கராபூக் உருக்காலைக்குப் போயிற்று. ஊரின் பிள்ளைகளும் பிழைப்பைத் தேடி இரயிலேறி இஸ்தான்புல்லுக்குப் போனார்கள். மலையூர்களின் வாழ்வே அப்படித்தான். மலை தன் வயிற்றில் உள்ளதைக் கொடுக்கிறது. மடியில் உள்ளதையும் கொடுத்துவிடுகிறது.

நான் அந்த ஊரை நேரில் கண்டதில்லை. படங்களிலும் நூல்களிலும் கண்டதுதான். ஆயினும் அங்குள்ள ஒரு கட்டடம் பல நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

அது ஒரு பள்ளிவாசல். ஒரு மருத்துவமனையும் கூட. இரண்டும் 1228-29இல் சேர்த்துத் தொடங்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். பள்ளிவாசலைக் கட்டுவித்தவர் அந்தப் பகுதியை ஆண்ட மெங்குஜெக் மரபைச் சேர்ந்த அகமது ஷா. மருத்துவமனையைக் கட்டுவித்தவர் துரான் மெலிக் என்னும் அரசகுலப் பெண்மணி.

நோயாளிகளுக்கு மனை அமைப்பது அந்தக் காலத்து அனதோலியாவில் புதுமையன்று. கைசேரி நகரில் கெவ்ஹர் நெசிபே என்ற அரசிளங்குமரியின் பெயரால் 1206இல் ஒரு மருத்துவமனை எழுந்திருந்தது. 1217இல் சிவாஸ் நகரிலும் ஒன்று எழுந்தது. ஆனால் அவை பெருநகரங்கள். மலை மடிப்பில் கிடக்கும் சிற்றூருக்கும் அந்த அறம் எட்டியது என்பதே வியப்பு.

என்னை மேலும் வியக்க வைத்தது வாசல். பள்ளிவாசலின் வடக்கு வாயிலில், கல்லா மலர்க்கொத்தா என்று ஐயுறும்படி இலையும் கொடியும் புடைத்து நிற்கின்றன. அது இறைவனின் வீடு. அங்கே கைத்திறன் அனைத்தையும் கொட்டியதில் வியப்பில்லை. மருத்துவமனை வாயிலைப் பாருங்கள். அடுக்கடுக்காக உள்வாங்கும் பெரிய வளைவுகள், விண்மீன்கள், வட்டத் தட்டுகள். பள்ளிவாசல் வாயிலுக்கு எதிலும் குறையாத வேலை. உள்ளே நடுக்கூடத்தில் ஒரு நீர்த்தொட்டி; கல்லில் சுழற்சியாக வெட்டிய ஒரு கால்வாய். அதில் ஓடும் நீரின் ஒலி நோயாளிகளின் மனத்தை ஆற்றியது என்று அந்த ஊரார் சொல்கிறார்கள்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரர், நல்ல மனம் உடையவருங்கூட.

"வயிற்றுவலியால் துடிக்கிறவன் வளைவில் உள்ள விண்மீனையா எண்ணப் போகிறான்? அந்தச் செலவில் இன்னும் பத்துப் பேருக்குப் படுக்கை போட்டிருக்கலாமே! இது நோயாளிக்காகச் செய்ததன்று, கட்டியவரின் பெயருக்காகச் செய்தது" என்றார்.

அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. துரான் மெலிக்கின் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கத்தான் இருக்கிறது. வான் ஏரிக் கரையிலுள்ள அஹ்லாத் ஊரிலிருந்து வந்த குர்ரம் ஷா என்னும் கட்டடக் கலைஞரின் பெயரும் இருக்கிறது. புகழாசை அறவே இல்லாத அறம் உலகில் எவ்வளவு? அதைச் சலித்துப் பிரித்தெடுக்கத் தொடங்கினால் நம் கையில் சல்லடை மட்டும்தான் மிஞ்சும்.

ஆனால் அந்தக் கல்வெட்டு சொல்லும் மற்றொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துரான் மெலிக் எர்சிங்கானை ஆண்ட பஹ்ராம் ஷாவின் மகள். அந்த எர்சிங்கான் அரசைச் செல்ஜூக் மன்னர் கைகுபாத் 1228இல் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். பிறந்தகம் ஆட்சியை இழந்த அதே காலத்தில் இந்தப் பெண்மணி கல் தச்சர்களைக் கூட்டி வைத்து, யாரென்றே அறியாத நோயாளிகளுக்கு வாசல் செதுக்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய நெஞ்சில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அரசுகள் நிற்பதில்லை என்பது தெரிந்திருக்கும். வென்ற செல்ஜூக்குகளும் 1243இல் மங்கோலியரிடம் தோற்றார்கள்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நோயாளிக்கு அழகு எதற்கு?

நோய் உடம்பை மட்டும் வாட்டுவதில்லை. மனிதனைக் கூச வைக்கிறது. நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவன் இன்று ஒரு குவளை நீருக்குப் பிறர் முகத்தைப் பார்க்கிறான். ஏழையாகவும் இருந்துவிட்டால், தான் பூமிக்குப் பாரம் என்றே எண்ணத் தொடங்குகிறான். அந்த நிலையில் அவனை ஒரு பொந்து போன்ற வாசல் வழியே உள்ளே விட்டால், அவன் எண்ணியது சரிதான் என்று கல்லே சொல்லிவிடுகிறது. மருந்து கொடுக்கலாம், கஞ்சி ஊற்றலாம். ஆனால் "உனக்கு இது போதும்" என்ற சொல் அந்தக் கஞ்சியில் கலந்திருக்கும். திவ்ரிகியின் வாசல் அவனிடம் வேறொன்று சொல்லியிருக்கும்: "இறைவனுக்கு எப்படிச் செதுக்கினோமோ, அப்படியே உனக்கும் செதுக்கினோம்." அவன் விண்மீன்களை எண்ண வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து நுழைந்தால் போதும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு; மறைப்பானேன்? வாசல் மட்டும் அழகாக இருந்து உள்ளே வைத்தியரும் மருந்தும் இல்லாவிட்டால், அதைவிடக் கொடிய ஏளனம் வேறில்லை. அன்றைய மக்கள் இதை அறிந்திருந்தார்கள். இத்தகைய நிலையங்களுக்கு நிலத்தின் வருவாயை வக்ஃபாக எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். கல் ஒரு முறை செய்யும் செலவு; கருணை நாள்தோறும் செய்யும் செலவு. நண்பரின் கணக்கில் இந்த இரண்டாவது செலவைப் பற்றிய கவலை இருக்கிறதே, அதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் படுக்கை வேண்டுமா, வாசல் வேண்டுமா என்று கேட்பது பிழை. நம் வீட்டு நோயாளிக்கு நாம் அப்படிக் கேட்கிறோமா? மருந்தும் வாங்குகிறோம், துவைத்த விரிப்பும் விரிக்கிறோம். பிறர் வீட்டு நோயாளி என்றால்தான் ஒன்றைக் கழிக்கத் தோன்றுகிறது.

அந்த மருத்துவமனையின் ஓர் அறையில் அரசகுலத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. ஆண்டவர்கள் தங்கள் கடைசி உறக்கத்துக்கு நோயாளிகளின் அண்டையைத் தேர்ந்துகொண்டார்கள்.

காலம் ஓடியது. மருத்துவமனை பின்னாளில் கல்விக்கூடமாயிற்று. பிறகு அதுவும் நின்றது. 1985இல் யுனெஸ்கோ இந்தக் கட்டடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நீண்ட காலப் பழுதுபார்ப்புக்குப் பின் 2024இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். கல்லை இவ்வளவு கருத்தாகக் காப்பது நல்ல செயல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் இன்று அந்த வாசலில் படம் எடுப்பவர்கள் நுழைகிறார்கள், நோயாளி நுழைவதில்லை.

முன்னோர் விட்டுச் சென்றது கல் மட்டும்தானா? தொழுகைக்கும் தொண்டுக்கும் இடையே ஒரே ஒரு சுவர் போதும் என்று அவர்கள் எண்ணினார்களே, அந்த எண்ணம் அல்லவா பெரிய சொத்து! கல்லைக் காக்க அறிஞர்களும் அரசுகளும் இருக்கிறார்கள். எண்ணத்தைக் காக்க மலையேற வேண்டியதில்லை. நாம் இன்று கட்டும் இலவச மருத்துவமனையின் வாசலில், நம் தாயை அழைத்துக்கொண்டு நுழையக் கூசாமல் இருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.