ஏன் நின்றது?

ராமேஸ்வரம் தீவில், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மாடியறையை நினைத்துக்கொள்வோம். காசு சேர்த்து வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம், திரை இருண்டுவிடுகிறது. மறுபடி பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்காததுபோல எழுந்து வருகிறது. "எஸ்எம்பிஎஸ் போயிருச்சு தம்பி" என்கிறார் கடைக்காரர். "ரேமைக் கழட்டித் துடைச்சுப் போடுடா" என்கிறான் கூட்டாளி. "வாங்குன அன்னைக்கே ஊரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனியே, கண்ணு பட்டிருச்சு" என்கிறார் அம்மா.

மூன்று பதில்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பு சொல்லப்பட்டவை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் அங்கே ஒரு குறிப்பு காத்திருக்கும்: 'கெர்னல் பவர் 41'. பையன்கள் பலர் இதைத்தான் நோய் என்று நினைத்து நாள்கணக்கில் தேடுகிறார்கள். உண்மையில் அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்று: போன தடவை இந்த இயந்திரம் முறையாக அணைக்கப்படவில்லை. அதுவும் மறுபடி எழுந்த பிறகு எழுதப்படும் குறிப்பு. மின்சாரம் போனாலும் 41, சூடு ஏறினாலும் 41, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41.

இந்தச் சிக்கலுக்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை சொல்லித் தருகிறார். புகையைக் கண்டு நெருப்பை அறியும்போது புகை சரியான ஏது, அதாவது காரணம் காட்டும் சான்று. ஏது போலத் தோன்றி ஏமாற்றுபவற்றையும் அவர் வகைப்படுத்துகிறார்; அவற்றில் ஒன்று அநைகாந்திகம். தேடும் பொருளோடும் சேரும், அதற்கு மாறானதோடும் சேரும் என்பதால் எதையும் முடிவுகட்ட உதவாத ஏது அது. 41 என்ற எண் அந்த வகைதான். துறவு பூண்ட ஒரு பெண்ணுக்குத் தருமம் உபதேசிக்கும் முன் தருக்கம் ஏன் கற்பிக்க வேண்டும் என்று இந்தக் காதையைப் படிக்கும் பலருக்குத் தோன்றும். தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டவர் துக்கத்தையும் தவறான இடத்தில்தான் தேடுவார் என்பதே அதற்கு விடையாகப் படுகிறது.

சரி, மூடியைத் திறக்கலாம். நான்கு திருகுகள். கடற்கரை வீடு என்றால் திருகின் தலையிலேயே துருப்பொடி விரலில் ஒட்டும். உள்ளே ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசி படிந்து, பழைய கம்பளித் துண்டுபோல ஒரே படலமாகப் பெயர்ந்து வருகிறது. பிராசஸரின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடக்கிறது. போர்டின் ஓரத்தில் செம்பு தெரியும் இடங்களில் பச்சைப் பூப்பு. உப்புக்காற்றின் வேலை அது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். வறண்ட ஊரில் வெறும் தூசியாகக் கிடப்பது, இங்கே மின்சாரம் கசியும் மெல்லிய படலமாகிவிடும்.

சைவ சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். இந்த அறையில், காய்ந்த பேஸ்டையும் அடைத்த தூசியையும் முதல் என்று வைக்கலாம். மே மாதத்துப் புழுக்கமும் ஆட்டத்தின் பளுவும் துணை. அப்படியானால் நிமித்தம் யார்? நிறுத்தியது யார்?

நிறுத்தியது பிராசஸரேதான். சூடு 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், விண்டோஸைக் கேட்காமலே மின்சாரத்தை வெட்டிவிடும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் இப்படித்தான்: கிராபிக்ஸ் கார்டு திடீரென்று அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பையன் பழுது என்று திட்டுவது, எங்கோ ஒரு பொறியாளர் அவனுடைய பொருள் எரிந்துபோகக் கூடாது என்று யோசித்துவைத்த காவல்.

இந்தக் கரைக்கு இப்படிப்பட்ட காவல் புதிதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் காற்றளவைக் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால், ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காமல் அது தடுத்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் ரயில், சிக்னல் விழாததால் சற்றுநேரம் நின்றது என்றும், பிறகு நீளமாக விசில் ஊதிவிட்டு இருட்டில் நகர்ந்தது என்றும் சொல்வார்கள். அலை அதை அப்படியே வாரிக்கொண்டது.

ராமேஸ்வரத்திலேயே பிறந்த ஒருவர் இதே பாடத்தைத் தன் வாயால் பலமுறை சொன்னார். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் கவுண்ட்டவுனைக் கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் நிறுத்தியது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ கோளாறு என்று காட்டியது. கசிவு இருந்தாலும் போதுமான எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்றார்கள் வல்லுநர்கள். திட்ட இயக்குநரான அப்துல் கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவினார். முதல் கட்டம் சரியாகப் போனது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. தோல்விக்குக் காரணம் தேடியபோது அகப்பட்டது ஒரு வால்வு. அழுக்கு சேர்ந்து மூடாமல் நின்றுவிட, நைட்ரிக் அமிலம் ஒழுகிப்போயிருந்தது.

கலாம் தொழுகை தவறாத வீட்டில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ஜைனுலாப்தீனும் கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியும் உட்கார்ந்து ஆன்மிகம் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர். அந்த நம்பிக்கை, நேரம் சரியில்லை என்று சொல்லிக் கோப்பை மூட அவரை விடவில்லை. வால்வு வரை தேடிப்போக வைத்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்எல்வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

அம்மா சொன்ன கண்ணேறைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அந்தப் பேச்சில் இருப்பது பிள்ளையின் பொருள்மேல் உள்ள கரிசனம். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் 22 தீர்த்தங்களில் நனைவதும், நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கழுவ வழியும் உண்டு என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையோடு தேடலும் சேர வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்: தூசியைத் துடைத்து ஒருநாள், புது பேஸ்ட் தடவி ஒருநாள், கூட்டாளி வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஒருநாள், சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருநாள். எது இருந்தால் நிற்கிறது, எது நீங்கினால் நிற்பதில்லை என்று பார்ப்பதைத்தான் தருக்க நூலார் உடன்பாடு, எதிர்மறை என்றார்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் கம்ப்யூட்டர் ஓடக்கூடும். காரணம் தெரியாமலே போய்விடும்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. உப்பைத் தாங்க பாலிசிலாக்சேன் பூச்சு, துருவேறாத எஃகுக் கம்பிகள், 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலேறும் தூக்குப்பகுதி. காற்றுக்கான கட்டுப்பாடு மட்டும் பழையபடியே தொடர்கிறது. வாடைக்காற்று வலுக்கும் நாட்களில் மண்டபத்தில் ரயில் காத்து நிற்பது உண்டு. ஜன்னலோரம் இருப்பவர்கள், "இன்னும் ஏங்க எடுக்கல?" என்று கேட்டுக்கொண்டே கடலை எட்டிப் பார்ப்பார்கள்.