யாரும் கேட்காமல் முன்வந்தவர்



நாளை மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டுக்கும் சுதந்திர தினம். கொடிக்கம்பத்திலும் தோரணத்திலும் பாதிப்பேர் மனம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஆகஸ்ட் 14-ஆம் நாளான இன்று திருச்சபை நினைவுகூரும் போலந்து நாட்டுக் குரு, புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை.

1941 ஜூலை மாதக் கடைசி. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதி ஒருவரைக் காணவில்லை. அதற்குத் தண்டனையாகப் பத்துப்பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல முடிவாயிற்று. முகாம் அதிகாரி கார்ல் ஃபிரிட்ஸ், வரிசையில் நின்றவர்களில் பத்துப்பேரைப் பொறுக்கி எடுத்தார். அவர்களில் ஒருவர் பிரான்சிசெக் கயோவ்னிசெக் என்ற படைவீரர். ஐயோ, என் மனைவி, என் பிள்ளைகள் என்று அவர் கதறிவிட்டார்.

அப்போது 16670 என்ற எண் கொண்ட கைதியான கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்தார். அந்த இடத்தில் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைப்பதே உயிருக்கு ஆபத்து. அந்த மனிதருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொன்னார். நீ யார் என்று கேட்டதற்கு, கத்தோலிக்கக் குரு என்றார். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

நிலவறையில் இரண்டு வாரம் சோறும் தண்ணீரும் இல்லை. உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். உயிர் போகாமல் இருந்த சிலருக்கு, அறை வேண்டும் என்று, கார்பாலிக் அமிலத்தை ஊசியில் ஏற்றினார்கள். கோல்பே தாமாகவே கையை நீட்டினார் என்று அங்கே மொழிபெயர்க்கும் வேலையில் இருந்த கைதி பிறகு சாட்சி சொன்னார். அப்போது அவருக்கு வயது 47.

இவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதில் திருச்சபைக்கே ஒரு சிக்கல் வந்தது. விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்படுபவரே மறைசாட்சி. இவரையோ யாரும் குறி வைத்துப் பொறுக்கவில்லை, இவராகவே போனார். அதனால் 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது மறைசாட்சி என்று அறிவிக்கவில்லை. 1982 அக்டோபர் 10-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை மறைசாட்சி என்றே புனிதராக உயர்த்தினார். பிழைத்த கயோவ்னிசெக் அந்தத் திருப்பலியில் இருந்தார். பிறகு 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிறரன்புக்காகத் தன் உயிரைத் தானே விரும்பிக் கையளிப்பதைப் புனிதத்துக்கான தனி வழியாகவே ஏற்படுத்தினார். எவ்வளவு துன்பப்பட்டார் என்பதோடு, மனம் ஒப்பித்தான் கொடுத்தாரா என்பதையும் திருச்சபை விசாரிக்கிறது.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். கயோவ்னிசெக் உயிரோடு வீடு திரும்பினார், மனைவி இருந்தார். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காக அவர் கதறினாரோ, அந்த இரண்டு மகன்களும் 1945-இல் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். அப்படியென்றால் கோல்பே கொடுத்தது வீணா? பலன் நம் கையில் இல்லை. கோல்பேயின் கையில் இருந்தது, வரிசையை விட்டு வெளியே வருவதா, சும்மா நிற்பதா என்பது மட்டுமே. நல்ல ஆயனாகிய நம் ஆண்டவரும், தம் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமாகவே கொடுப்பதாகச் சொன்னதை யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இங்கேதான் நம் குடும்பங்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம். தியாகம் என்றால் நமக்கு மிகவும் பிடிக்கும், அடுத்தவர் செய்யும்வரை. தம்பி படிக்கட்டும் என்று மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். குடும்பத்துக்காக உழைத்த பிள்ளை என்று பெருமையாகச் சொல்கிறோம். அவளைக் கேட்டோமா? படுக்கையில் கிடக்கும் மாமியாரை மருமகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மகன்கள் மூன்று பேர் கூடித் தீர்மானிக்கிறார்கள். அவள் அடுப்படியில் நின்று அதைக் காதில் வாங்குகிறாள். பிறகு எவராவது வந்து, ஆண்டவருக்கு ஒப்புக்கொடும்மா என்று ஆறுதல் சொல்கிறார். அவளிடமிருந்து பறித்துக்கொண்டதை அவள் எப்படி ஒப்புக்கொடுப்பாள்?

கோல்பே பக்கத்தில் நின்றவரின் முதுகில் கை வைத்து, நீ போ என்று தள்ளவில்லை. தம்மை மட்டுமே கொடுத்தார். கடவுள்கூட நாசரேத்துப் பெண்ணிடம் வானதூதரை அனுப்பிக் கேட்டார். அவள் உடனே தலையாட்டவில்லை. இது எப்படி நடக்கும் என்று திருப்பிக் கேட்டாள். அதற்கும் பதில் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அவள் சம்மதித்தாள். நாளை நாம் கொண்டாடும் தாய் அவள்தான்.

ஆகவே திருவிழா வேலைக்கு நடுவே, இன்று இரவு வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவரை, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் கடன் அடைக்கிற அண்ணனை. உனக்கு இதில் சம்மதமா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் கோபப்படாமல் உட்கார்ந்து, அந்த வேலையில் எதை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்று பேசுங்கள்.