கரணைக்குப் பிறப்பு உண்டா?

உழவர் வயலில் கரும்பு விதையிலிருந்து முளைப்பதில்லை. கரும்பை இரண்டு மூன்று பருக்கள் இருக்கும்படி நறுக்கிய துண்டு கரணை. அதைச் சாலில் பதித்து நீர் விட்டால் பரு முளைவிடும், கணுவிலிருந்து வேர் இறங்கும். மகரந்தமும் சூலும் இல்லாமலே நடக்கும் இந்தப் பெருக்கத்தில் தாய்க்கரும்பின் மரபணுக்களே புதுக்கரும்பிலும் தொடர்கின்றன. மஞ்சள் கிழங்காலும் வாழை பக்கக்கன்றாலும் இப்படியே தொடர்கின்றன. இம்மூன்றும் கொங்கு நாட்டின் முதன்மைப் பயிர்கள். கரணையிலிருந்து எழுந்த கரும்பு புதிதாகப் பிறந்த உயிரா, பழைய உயிரின் நீட்சியா என்ற கேள்வியை இவை எழுப்புகின்றன.

பிறப்பைப் பற்றிப் பேசும்போது இந்தியச் சமயங்கள் பெரும்பாலும் விதையையே உவமையாகக் கொண்டன: வறுத்த வித்து முளைக்காது, ஞானத்தால் வெந்த வினையும் மறுபிறவி தராது. கோயம்புத்தூருக்கு மேற்கே நொய்யல் கரையிலுள்ள பேரூர் பட்டீசுவரர் கோயிலில் இந்த எண்ணம் மரமாகவே நிற்கிறது. அங்குள்ள புளியமரத்தின் விதை முளைக்காது என்பது தலமரபு. அதனால் அது பிறவாப்புளி. பேரூரில் வழிபட்டவர்க்கு மறுபிறவி இல்லை என்பதற்கு அடையாளம். நம்பிக்கையின் அழகு இதில் குறைவில்லை. ஆனால் விதை முளைக்காமை ஒன்றே பிறவாமை ஆகிவிடாது. மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட மஞ்சளில் விதை பிடிப்பது அரிது, இருந்தும் ஆண்டுதோறும் வயலில் அது தழைக்கிறது.

விதையில்லாப் பெருக்கத்தை மிகத் தெளிவாக வகுத்தவர்கள் பௌத்தத் துறவிகள். செடிகொடிகளை அழிக்கலாகாது என்ற விதியை விளக்க வந்த பாலி விநய நூல், முளைப்பவற்றை ஐந்தாகப் பிரிக்கிறது. மஞ்சளும் இஞ்சியும் வேரால், ஆலும் அரசும் தண்டால், கரும்பும் மூங்கிலும் கணுவால், சில மூலிகைகள் நுனியால், தானியங்கள் விதையால் முளைப்பவை. ஐந்தில் நான்கு விதையில்லாதவை! பழைய உயிரா புதிய உயிரா என்பதற்குப் பௌத்தம் தரும் விடை, அதுவும் அன்று, வேறும் அன்று என்பது. உள்ளது தொடர்ச்சி மட்டுமே. புத்தகயை அரசமரத்தின் கிளையிலிருந்து வளர்ந்ததாக இலங்கை மரபு போற்றும் அனுராதபுரம் போதிமரம், அதே மரமாகவும் வேறு மரமாகவும் வணங்கப்படுவது இந்த விடைக்கு இசைந்தது.

சமணம் உயிரையே எண்ணியது. ஓர் உடலில் ஓர் உயிர் வாழும் தாவரங்கள் ஒருவகை, ஒரே உடலை எல்லையற்ற உயிர்கள் பகிரும் தாவரங்கள் மற்றொரு வகை. 10-ஆம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம், வெட்டிய பிறகும் முளைப்பதை இந்த இரண்டாம் வகையின் அடையாளங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. சமணர் பலர் பச்சைக் கிழங்குகளை விலக்குவதற்கும் உலர்ந்த மஞ்சளை ஏற்பதற்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கும் கொங்கு நாட்டுக்கு இது அயலார் கொள்கை அன்று. சைவ சித்தாந்தமோ உயிர் வேறு, உடல் வேறு என்கிறது. வினைக்கேற்ப உடல் வாய்க்கும் என்பதால், முளைக்கும் பருவில் வேறோர் உயிர் வந்து புகுந்தது என்று கொள்ள அதில் இடமுண்டு.

1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையம் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வட இந்தியாவில் கரும்பு நன்கு பூத்து விதை பிடிப்பது அரிது, கோவையின் தட்பவெப்பத்தில் அது நடக்கிறது. அதனால்தான் நாட்டுக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து, 1918-இல் கோ 205 என்ற இரகம் இங்கிருந்து வர முடிந்தது. ஒவ்வொரு கோ இரகமும் ஒரே ஒரு விதையிலிருந்து ஒரே ஒரு முறை பிறந்தது, பிறகு கரணையாகவே பரவியது. அப்படியானால் தமிழகத்தில் பெரும்பரப்பில் நிற்கும் கோ 86032 முழுவதும் ஒரே செடியா? நோய் அப்படித்தான் நடத்துகிறது: உத்தரப் பிரதேசத்தில் பரவியிருந்த கோ 0238 செவ்வழுகலுக்கு வயல் வயலாக இரையானது. ஆனால் எப்போதாவது ஒரு பருவில் திடீர்மாற்றம் நேர்ந்து, அதிலிருந்து எழும் கரும்பு தாயிலிருந்து விலகிவிடும். முழு ஒருமையும் இல்லை, முழுப் பிரிவும் இல்லை என்பதால், மூன்று மரபுகளில் பௌத்தத்தின் விடையே கரணையின் இயல்புக்கு நெருங்கி நிற்கிறது. ஒவ்வொரு பருவும் தனித்து வாழவல்லது என்பதைச் சமணமே கூர்ந்து கண்டது.