மாயக்காரரின் படகும் கல் யானையின் கரும்பும்

ஜேர்மனியில் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் ஆலயத்துத் தேருக்கு வருகிற ஜேர்மன்காரர்கள் தூக்குக்காவடியைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: முதுகில் ஏறியிருக்கும் கொளுக்கி உண்மையா, கண்கட்டா? கிட்டப் போய்ப் பாருங்கள் என்பேன். தோல் இழுபட்டு நிற்பது தெரியும்.

என் சமய வகுப்பில் ஒரு பொடியன் கேட்டது இதைவிட ஆழமானது. சிவன் சித்தராக வந்து மதுரையில் கல் யானையைக் கரும்பு தின்ன வைத்த திருவிளையாடலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ரீச்சர், அந்தச் சித்தர் நிஞ்சா மாதிரி ஆக்களின்ர கண்ணைக் கட்டித்தானே காட்டினவர்?" ஜப்பானியக் காட்டூன்களில் நிஞ்சாக்களுக்கு அப்படியொரு வித்தை உண்டு. பிள்ளை அதில் நின்று யோசிக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நானும் ஜப்பானுக்குப் போகத்தான் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில், பிரபுக்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், கஷின் கோஜி என்றொரு மாயக்காரர் திரிந்ததாக அங்கே கதைகள் உண்டு. பிற்காலக் கதைகளில் அவர் நிஞ்சாக்களோடு சேர்ந்துவிட்டார். எதற்கும் அஞ்சாத மட்சுனாகா ஹிசஹிதே என்ற பிரபு, முடிந்தால் என்னைப் பயமுறுத்து என்றாராம். செத்துப்போன மனைவி இருட்டில் வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தப் போர்வீரன் போதும் என்று கெஞ்சினான். 1582இல் தன் தலைவர் ஓடா நொபுனாகாவை வீழ்த்திய அகெச்சி மிட்சுஹிதேயின் மாளிகையில் நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏரி வரைந்த மடிப்புத் திரையைப் பார்த்து மாயக்காரர் கையசைக்கிறார். ஓவியத்துப் படகு அசைந்து வருகிறது. தண்ணீர் அறைக்குள் பெருகுகிறது, விருந்தினர்கள் உடுப்பைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவர் படகில் ஏறி ஓவியத்துக்குள்ளேயே போய் மறைகிறார். பிறகு பார்த்தால் தரையில் ஈரமே இல்லை.

அந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். வாள் பிடித்தவர்களின் பலம் எவ்வளவு பொய் என்று காட்ட அவருக்கு ஒரு கையசைப்புப் போதுமாயிருந்தது. ஆனால் எல்லாக் கதையிலும் அவர் தப்பிப் போய்விடுகிறார். பின்னால் பயம் மட்டும் மிஞ்சுகிறது.

மதுரைச் சித்தர் தப்பிப் போகவில்லை. அபிஷேக பாண்டியன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது அவர் போகவில்லை. அரசனே வர வேண்டியதாயிற்று. கையில் இருந்த கரும்பைக் கொடுத்து, இந்தக் கல் யானையைத் தின்ன வை பார்ப்போம் என்கிறான். யானை கரும்பைத் தின்றது, அரசனின் கழுத்து முத்துமாலையையும் பறித்தது. அடிக்க ஓங்கிய காவலர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள். இதுவரை கஷின் கோஜியும் செய்திருப்பார். அதன் பிறகுதான் வேறுபாடு. காலில் விழுந்த பாண்டியன் பிள்ளை வரம் கேட்கிறான், விக்கிரம பாண்டியன் பிறக்கிறான். ஈரமே விடாமல் மறைந்துபோகிற தண்ணீர் அல்ல அது. வளர்ந்து, பசித்து, அழுது, அரசாண்ட ஒரு பிள்ளை.

கயிற்றில் வானத்துக்கு ஏறுகிற வித்தைக்காரனைச் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் உவமை காட்டுகிறார்: மேலே ஏறுகிறவன் தோற்றம், தரையில் நிற்கிறவனே மெய். நுட்பமான உவமை. ஆனால் எங்கள் சைவ சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில், உலகமே வெறும் தோற்றம் என்கிற மாயாவாதியோடு மல்லுக்கு நிற்கிறார். மாயை பொய்யல்ல, உள்பொருள். உயிர் பக்குவப்பட வேண்டும் என்று அதிலிருந்துதான் இறைவன் உடம்பையும் கருவிகளையும் உலகையும் அனுபவங்களையும் ஆக்கித் தருகிறான். அவன் வித்தை காட்டவில்லை, வேலை செய்கிறான்.

இந்தக் கொள்கையை நான் யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். அது நெஞ்சில் இறங்கியது ஊன்ட்றொப்பில்தான். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் வீடு எரிந்து, உறவு செத்து, அகதியாக வந்த சனம் சேர்ந்து எழுப்பிய கோயில் இது. 2002இல் தொழிற்சாலைப் பேட்டை ஒன்றில், 17 மீற்றர் கோபுரத்தோடு கும்பாபிஷேகம் கண்டது. தேருக்குப் பின்னால் தீச்சட்டியோடு நடக்கிற ஒரு தாயிடம், உன் மகன் போனது வெறும் தோற்றம் என்று நான் எந்த வாயால் சொல்ல? அவளுடைய சூடு உண்மை. அம்பாளும் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வதால்தான் அவள் நடக்கிறாள்.

இவ்வளவையும் பொடியனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். அவன் விடவில்லை. "உண்மையான கல்லையே அசைக்கிறவர் எண்டால், குண்டு விழேக்க ஏன் ரீச்சர் தடுக்கேல்ல?"

வினை என்பது நூல் சொல்கிற விடை. பதுங்குகுழியில் செத்த குழந்தையைப் பற்றி அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உலகம் கண்கட்டு என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. உண்மை என்று சொன்னதால்தான் அவனால் கேட்க முடிந்தது. வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு வேறு பாடம் வைத்திருந்தேன். அதைத் தள்ளிவிட்டு, சித்தியாரில் வினையைப் பற்றிய பகுதியை அவனோடு இருந்து வாசிக்கப் போகிறேன்.