முடிவு மகிழ்ச்சியானால் கதை பாவமாகுமா?

விலக்கப்பட்ட உறவுகளைச் சொல்லும் கதைகள் நமக்குப் புதியன அல்ல. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்த வரலாற்றை விவிலியத்திலேயே வாசிக்கிறோம். நாத்தான் இறைவாக்கினரின் கண்டனமும் குழந்தையின் சாவும் தொடர்ந்து வருவதால் அதை வாசிக்க நமக்குத் தயக்கம் இல்லை. தண்டனை வந்துவிட்டால் வாசகர் மனம் அமைதி கொள்கிறது. தண்டனை வராத கதையை என்ன செய்வது? அதை எழுதியவர் பாவத்திற்குத் துணைபோனவர் ஆகிவிடுகிறாரா? ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’ என்னும் நாவலை முன்வைத்து இக்கேள்வியைச் சற்றே ஆராய விழைகிறோம்.

ஆணும் ஆணும் கொள்ளும் காதலைச் சொல்லும் இந்நூலை ஃபார்ஸ்டர் 1913இல் தொடங்கி 1914இல் எழுதி முடித்தார். நெருங்கிய நண்பர்களுக்கு மட்டுமே காட்டினார். 1970இல் அவர் இறந்தபின், 1971இல்தான் அது அச்சேறியது. அது எழுதப்பட்ட நாளில் இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆஸ்கார் வைல்டு 1895இல் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றது அச்சட்டத்தின்படியே. (அவர் 1900இல் பாரிஸில் மரணப் படுக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டார் என்பதை நம்மவர் பலர் அறியார்.) நாவலுக்குத் தூண்டுகோலாக அமைந்தது எட்வர்டு கார்ப்பெண்டர் என்னும் எழுத்தாளரின் இல்லத்துக்கு ஃபார்ஸ்டர் சென்று வந்த நிகழ்ச்சி. இந்தக் கார்ப்பெண்டர், இலங்கைத் தமிழறிஞர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர். 1890இல் இலங்கை வந்து தமிழ் ஞானி ஒருவரிடம் பாடம் கேட்டவர்.

இந்தக் காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தால் நூலை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்னும் பொருள்பட ஃபார்ஸ்டரே பின்னாளில் எழுதிவைத்தார். நம்மைச் சுடுகின்ற கருத்து இது. பாவியின் மனமாற்றத்தை விரும்புவது வேறு, அவன் சாவைக் கண்டு நிறைவு கொள்வது வேறு. விபசாரத்தில் பிடிபட்ட பெண் பின்னர் எப்படி வாழ்ந்தாள் என்று யோவான் எழுதவில்லை. கல்லடிபட்டு மாண்டாள் என்று எழுதியிருந்தால் அங்கே நின்றவர்கள் மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

நாவலின் தலைவன் மாரிஸ், பங்கு வணிகம் செய்யும் நடுத்தரக் குடும்பத்து இளைஞன். கேம்பிரிட்ஜில் அவனை முதலில் நேசித்தவன் கிளைவ் என்னும் நிலக்கிழார் மகன். பிளேட்டோவின் பெயரால் உடலை ஒதுக்கிவைத்து, மூன்றாண்டு காலம் அந்த அன்பைத் தூய்மையாகவே காத்தவன் கிளைவ். கத்தோலிக்க வாசகருக்கு இவனே முன்மாதிரி எனத் தோன்றக்கூடும். ஆனால், கிரேக்க நாட்டுப் பயணத்தில் தன் நாட்டம் மாறிவிட்டதென உணர்ந்ததும் அவன் நண்பனைக் கைகழுவி விடுகிறான். ஆன் என்னும் பெண்ணை மணந்து, தேர்தலுக்கு ஆயத்தமாகிறான். மாரிஸ் படும் வேதனை அவன் கண்ணில் படவேயில்லை. உடலைக் கட்டுப்படுத்தியவனுக்குப் பிறர்மேல் இரக்கம் தானாகவே வந்துவிடுவதில்லை என்பதை இப்பகுதியைப்போல் தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே. தனித்து விடப்பட்ட மாரிஸ், குடும்ப மருத்துவரை நாடுகிறான். அவர் ‘உளறல்’ என்று வாயடைக்கிறார். மனவசிய மருத்துவரோ, இது குற்றமாகாத பிரான்சுக்கோ இத்தாலிக்கோ குடிபெயரச் சொல்கிறார்.

பின்னர் மாரிஸ் நேசம் கொள்வது கிளைவின் பண்ணையில் வேட்டைக் காவலனாக வேலை செய்யும் அலெக்கிடம். இங்கேதான் நாவல் கூர்மை பெறுகிறது. ஒரு விலக்கின்மேல் இன்னொரு விலக்கு ஏறுகிறது. செய்தி அறிந்த கிளைவ், ஆணோடு உறவு என்பதற்காக அருவருக்கிறான். வேலைக்காரனோடு என்பதற்காகவும் அருவருக்கிறான். எது அதிகம் என்று அவனுக்கே தெரியாது. முதல் விலக்கைப் பற்றித் திருச்சபைக்குப் போதனை உண்டு. இரண்டாவதற்கு நற்செய்தியில் ஓரெழுத்தும் ஆதாரம் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே குரலில், ஒரே ‘சீச்சீ’யில் வெளிப்படுகின்றன. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய நமக்கு இக்குரல் அந்நியமானதன்று.

சட்டத்தின் நிழல் அன்பை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கும் இங்கே சான்று உண்டு. தன்னைச் சந்திக்க வருமாறு அலெக் எழுதுகிறான். பணம் பறிக்கும் சூழ்ச்சியென மாரிஸ் அஞ்சுகிறான். 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ‘மிரட்டிப் பணம் பறிப்போரின் சாசனம்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. பதில் வராத கோபத்தில் அலெக்கும் உண்மையாகவே மிரட்டத் தொடங்குகிறான். இருவரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பகைவர்களாகச் சந்திக்கிறார்கள். அங்கு எதிர்ப்பட்ட பழைய ஆசிரியர் மாரிஸின் பெயரைத் தவறாகச் சொல்ல, ‘என் பெயர் ஸ்கடர்’ என்று அலெக்கின் குடும்பப் பெயரையே தன்னுடையதாகச் சொல்கிறான் மாரிஸ். நாவலின் ஆகச் சிறந்த இடம் இதுவே என்போம்.

அச்சட்டத்தைக் குறித்து நம் திருச்சபையினர் வாளாவிருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் கிரிஃபின் அமைத்த கத்தோலிக்கக் குழு, பாவம் வேறு, அரசு தண்டிக்க வேண்டிய குற்றம் வேறு எனப் பிரித்து, வயதுவந்தோர் தனிமையில் இசைந்து செய்பவற்றைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று 1956இல் கருத்துரைத்தது. உவுல்ஃபெண்டன் அறிக்கை 1957இல் அதையே பரிந்துரைத்தது. 1967இல் சட்டம் திருந்தியது. ஆங்கிலேயர் 1860இல் நம் நாட்டுக்கு இயற்றிய 377ஆம் பிரிவோ இந்த அளவில் 2018இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், இச்செயல்களை ஏற்காத அதே இடத்தில், இந்நாட்டம் உடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அநீதியான பாகுபாடு எதுவும் காட்டலாகாது என்றும் பணிக்கிறது. முதற்பகுதியை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

ஃபார்ஸ்டரிடம் நமக்கு ஒரு குறை உண்டு. காதலர்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு அவர் நின்றுவிடுகிறார். இருவரும் விறகுவெட்டிகளாக வாழ்வதை மாரிஸின் தங்கை காண்பதாக எழுதிய பின்னுரையையும் நீக்கிவிட்டார். அயலார் இல்லை, முதிய தாய் இல்லை, நோயில்லை. அன்பு உரைத்துப் பார்க்கப்படும் இடங்கள் இவையன்றோ! மகிழ்ச்சி தந்தது அவர் பிழையன்று. அந்த மகிழ்ச்சியின் ஒரு நாளைக்கூட நமக்குக் காட்டவில்லை என்பதே பிழை.

ஆனால், ‘கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்று மகனுக்குப் பெண் தேடும் பெற்றோர் இந்நூலில் கவனிக்க வேண்டியவள் ஆன். மண இசைவைப் பெறுவதற்காக, இல்லறத்தைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை வஞ்சகமாக மறைத்தால் அம்மணமே செல்லாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் விதி. கிளைவின் பழைய நேசம் அந்த விதிக்குள் அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டியது. கடைசிப் பக்கத்தில் மாரிஸ் அனைத்தையும் கிளைவிடம் சொல்லிவிட்டு இருளில் மறைகிறான். இதை ஆனிடமிருந்து எவ்வாறு மறைப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறான் கிளைவ். வீட்டுக்குள் இருக்கும் அவளுக்கு எதுவும் தெரியாது.