அடைக்காத வாசல்

1

விடிகாலை நான்கரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 62 வயது. எழுந்ததும் முழங்கால் மடங்காது. எங்கள் தருமபுரிப் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் 2013இல்தான் குழாயில் வந்தது. அதற்கு முன் ஐம்பது வருஷம் குடித்த தண்ணீர் எலும்பில் இருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு ஒரே ஒரு பாட்டு, யார் தூக்கமும் கலையாத அளவுக்கு. நாற்பது வருஷமாக நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

2

தருமபுரியில் பங்க் என்றால் பெட்ரோல் போடும் இடம். என் பங்க் ஒரு பாட்டு வகை. அது 1984இல் பெங்களூர் பீன்யாவில் கிடைத்தது. அங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. பக்கத்து மேசைக்காரர் ஒரு நகல் கேசட் தந்தார். மேலே பேனாவால் ‘தி கிளாஷ்’ என்று எழுதியிருந்தது. வார்த்தை பாதி பிடிபடவில்லை. ஆனால் பாடுகிறவன் யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அந்த வயதில் நான் எல்லோருக்கும் கைகட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அது லண்டன் பங்க் குழு ஒன்றின் பெயர் என்பதும் மற்றதெல்லாமும் பிறகு தெரிந்துகொண்டது. 1977இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சிறுபத்திரிகை, கிட்டாரில் மூன்று கார்டுகளைப் படமாக வரைந்து காட்டி, இது போதும், போய்க் குழு ஆரம்பி என்று சொன்னதாம். சங்கீதம் படித்தவர்களுக்கு மட்டும் திறந்திருந்த வாசலை அந்த ஒரு பக்கம் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

விலையும் ஒரு வாசல்தான். 1979 டிசம்பரில் வந்த கிளாஷின் ‘லண்டன் காலிங்’ இரண்டு இசைத்தட்டு. ஒரு தட்டின் விலைக்கு விற்க வைத்தார்கள். அடுத்த வருஷம் ‘சாண்டினிஸ்டா!’ மூன்று தட்டு. விலை ஏறாமல் இருக்க, முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்குத் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். பாட்டைவிட இந்தச் செய்திதான் என்னை அதிகம் மாற்றியது.

3

ஊர் திரும்பி வைத்த கடை சந்துக்குள் இருக்கிறது. ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, காயில் போய்விட்டதா என்று கேட்டு வருவார்கள். பல நேரம் காயிலில் ஒன்றும் இருக்காது. 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று மாற்றினால் போதும். மெயினை அணைத்துவிட்டு அதை எப்படிக் கழற்றுவது, எந்த ஒயரை எங்கே சேர்ப்பது என்று காட்டிக்கொடுக்கிறேன். அடுத்த முறை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். தொழில் கெடாதா என்று மகன் கேட்டான். தெரிந்ததைப் பூட்டி வைத்துச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நிஜமாகவே காயில் எரிந்திருந்தால் பழைய கம்பியைச் சுற்று எண்ணியபடி பிரித்து, புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். எண்ணும்போது பேசக்கூடாது. என் தியானம் அதுதான்.

4

இந்த மண்ணின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்டது. அவன் வாசலில் ஔவையைக் காக்க வைத்துவிட்டான். புறநானூற்றில் இருக்கிறது: வாயில்காவலனிடம் பேசுகிறாள், இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொள்கிறாள், எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்கிறாள். பிச்சை கேட்டு வந்தவளின் பேச்சு அல்ல அது. தொழில் தெரிந்தவளின் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அந்தக் குரல் காதில் விழவில்லை. பீன்யாவில் அந்தக் கேசட்டைக் கேட்ட பிறகுதான் விழுந்தது.

5

இதை எழுதாமல் இந்த நோட்டு முழுமையாகாது.

2012 நவம்பர் 7. ஒரு பெண்ணும் ஒரு பையனும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளைக் கொளுத்தினார்கள். எங்கள் மாவட்டத்தில்தான். செய்தி அன்று இரவே தெரிந்தது. நான் வீட்டில் இருந்தேன். கேசட் பெட்டி அலமாரியில் இருந்தது. மறுநாள் கடையில் ஆட்கள் வந்து அந்தத் தீயை நியாயமாக்கிப் பேசினார்கள். நான் தலைகுனிந்து சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டு வருஷம் கேட்ட பாட்டு அன்று என் வாயில் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. கேட்பதால் மட்டும் யாரும் எதுவும் ஆகிவிடுவதில்லை என்று அன்றுதான் விளங்கியது.

அதன் பிறகு இரண்டு காரியம். என் கடையில் உட்கார்ந்து யாரும் சாதிப் பேச்சுப் பேச விடுவதில்லை. பேசினால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். டீ வாங்கினால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் வாங்குகிறேன், ஒரே மாதிரி டம்ளரில். பெரிய காரியம் இல்லை. ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டியது.

6

2018 ஜனவரி 6இல் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல் முறையாக மேடை ஏறியது. மகன் காணொளி அனுப்பினான். பெயரிலேயே சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சொல் நிற்கிறது. கிட்டாருக்குப் பக்கத்தில் கானா, கூடவே பறை. சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பறை மேடையின் நடுவில் நின்றது. அன்று மூன்று முறை பார்த்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பையன்களும் பெண் பிள்ளைகளும் பறை பழகுகிறார்கள். முதலில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார்கள். இளகிய தோல் விறைத்த பிறகுதான் குச்சி படும். எனக்கு வலது காது மந்தம். ஆனாலும் அந்த முதல் அடி நெஞ்சில் கேட்கிறது.

7

நேற்று ஒரு பையனின் செல்போனில் பாட்டு ஓடியது. முதல் கிட்டார் ஒலியிலேயே கை நின்றுவிட்டது. கிளாஷின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ அது. அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வியட்நாமில் பிறந்து, அப்பனின் நாட்டு வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் அந்தப் பாட்டில் உண்டு. பையன் போட்டது அதை எடுத்து 2007இல் செய்த ‘பேப்பர் பிளேன்ஸ்’. பாடுவது எம்.ஐ.ஏ., யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் போன தமிழ்ப் பெண். எங்கிருந்து எங்கே சுற்றி என் சந்துக்கு வந்திருக்கிறது.

கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பர் 22இல் இறந்தார், ஐம்பது வயதில். அவரைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவனாகிவிட்டேன். அவர் பார்க்காத வயதில் அவர் பாட்டோடு இருக்கிறேன்.

சாயங்காலம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். என்னைவிடப் பெரியவர். செருப்பைச் சந்தின் ஓரத்தில் கழற்றிவிட்டு, படிக்குக் கீழே நின்று மிக்ஸியை நீட்டினார். பழக்கம்.

“செருப்பப் போட்டுக்கிட்டு உள்ள வாங்கண்ணே” என்றேன். யோசித்தார். மறுபடியும் சொன்னேன். போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டீ சொன்னேன், இரண்டு.