மறைந்த பண்பும் நடுங்கும் உயிரும்

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், நண்டு வாங்குவோர் அதன் ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்தே விலை பேசுவர். நமக்கு ஆகாத வணிகம் அது. ஆயினும் பொருள் கைக்குள் இருப்பதால் பூசலுக்கு இடம் குறைவு. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத பண்பையே விலைகூறும் வணிகம் ஒன்று உலகில் வளர்ந்துள்ளது. அது வளர்ப்புப் பாம்பு வணிகம். அதன் அலை சென்னையையும் தொட்டுவிட்டது. 2023 சனவரி 11ஆம் நாள், பாங்காக்கிலிருந்து நம் விமான நிலையத்திற்கு வந்து உரிமை கோருவாரின்றிக் கிடந்த இரு பைகளில், பிற உயிர்களோடு 45 'பால் பைத்தான்' பாம்புகளையும் சுங்கத்துறையினர் கைப்பற்றினர்.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இச்சிறு மலைப்பாம்பு நஞ்சற்றது. அஞ்சினால் பந்துபோற் சுருளும். இயல்பான நிறத்திற்கு விலை சொற்பம். அரிய நிறத்திற்கோ மிகுதி. வெண்ணிறப் பண்பு தாய் தந்தை இருவழியும் வந்தாலன்றி வெளிப்படாது. ஒருவழியே பெற்ற குட்டி அதனை உள்ளே சுமந்து, இயல்பான நிறத்துடனேயே இருக்கும். இதனை வணிகர் 'ஹெட்' என்பர். அத்தகைய இரண்டை இணைத்தால், மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்ட கணக்கின்படி, நான்கில் ஒன்று வெண்குட்டி; எஞ்சிய மூன்றில் இரண்டு பண்பைச் சுமப்பன. எவை என்பது பார்வைக்குப் புலப்படாமையால் மூன்றையும் '66 விழுக்காடு ஹெட்' என விற்கின்றனர். விற்றவன் சொல்லைச் சோதிக்க, அக்குட்டி வளர்ந்து முட்டையிடும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். ஆறு முட்டையிலும் வெண்குட்டி இல்லையெனில் வழக்கு மூள்கிறது. இணைந்த இரண்டும் மெய்யாகவே 'ஹெட்' ஆயினும், அவ்வாறு நேர நூற்றுக்குப் 18 வாய்ப்பு உண்டு! ஆதலின் பொய்யனையும் ஊழால் கெட்டவனையும் பிரித்தறிதல் அரிது. அமெரிக்காவில் இன்று பாம்பு உரித்த சட்டையைக் கொண்டே மரபணுவைச் சோதிக்கின்றனர்.

கள்ளாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்களுள், அரசு விதியை மீறிய வணிகமும் போலியை நல்லதென விற்றலும் உண்டு. முன்னது அப்பைகளுக்கும், பின்னது பொய் 'ஹெட்'டிற்கும் பொருந்தும். இதுவரை ஐயமில்லை. ஆயின் முற்றும் மெய் பேசி விற்றால் குற்றம் நீங்குமோ?

'ஸ்பைடர்' என்றொரு வகை உண்டு. அப்பண்பு ஒருவழி வந்தாலே உடலில் தெரியும், பொய்க்கு இடமேயில்லை. அதே மரபணுவால் தலை நடுங்கும், சில பாம்புகள் தலைகீழாய்ப் புரளும், இரையைக் குறிதவறும். உட்செவியின் அமைப்பே சிதைந்திருப்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விற்பவன் மறைக்கவில்லை, வாங்குபவன் ஏமாறவில்லை, ஆகவே வழக்கும் இல்லை. நடுங்கும் உயிரை எவரும் கட்சிக்காரராகக் கருதுவதில்லை. "அது உண்கிறது, முட்டையிடுகிறது, துன்பம் ஏது?" என்பர் வளர்ப்போர். மூக்கணாங்கயிறு பூட்டிய எருதும் உண்கிறது, உழுகிறது. எனினும் உறுப்பைச் சிதைத்தலைக் கொல்லாமையின் அதிசாரங்களுள் ஒன்றாகவே முன்னோர் வைத்தனர். கத்தியாற் செய்தால் குற்றமாவது, கருவிலேயே செய்தால் கலையாகிவிடுமா? நம் இல்லங்களின் கண்ணாடித் தொட்டியில், நீந்தவே இடர்ப்படுமாறு உருண்டையாக்கப்பட்ட தங்கமீனையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் விலக்கியுள்ளது. அயல்நாட்டு இனங்களுள் பால் பைத்தான் போன்றவற்றை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி உடைமையையும் பிறப்பு இறப்புகளையும் பதிதல் வேண்டும். முன்பே வாங்கிவிட்டோர் அதனைக் காட்டில் விடுதல் தகாது; அது மடியும், அன்றேல் அங்குள்ள உயிர்களுக்கு இடராகும். இணைசேர்க்காமல், அதன் ஆயுள் முடியுமட்டும் பேணுதலே செய்யத்தக்கது. அவ்வாயுள் முப்பதாண்டையும் எட்டலாம் என்பதை, குழந்தைகளின் ஆசைக்கு இணங்கும் முன்னரே பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.